சும்மாடும் சொடுக்கும்

போன மாசம் திருவொற்றியூர் ஹைரோட்டுல வழக்கமா போற சலூனுக்குப் போயிருந்தேன். முடி வெட்டி, பவுடர் போட்டு, பிரஷ்ஷால பின்கழுத்தைத் தட்டிவிட்டார் கடைக்காரர். அப்புறம் என் தாடையில ஒரு கை, உச்சந்தலையில ஒரு கை. "சொடுக்கிரலாமா சார்?"

இருவது வருஷமா "ம்" சொல்லிட்டு கண்ணை மூடிக்கிற ஆளு நான். 'மடக்'குன்னு ரெண்டு பக்கமும் சத்தம் வந்தாதான் முடிவெட்டினதே முழுசான மாதிரி இருக்கும். அன்னைக்கு மட்டும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். "வேணாண்ணே."

"இன்னா சார், பயமா?" என்று சிரித்தார்.

பயம்தான். ஆனா அந்தப் பயத்துக்குப் பின்னாடி எங்க நைனாவோட கழுத்து, நம்ம துறைமுகத்தோட சரித்திரம், அமெரிக்காவுல ஒரு காது கேக்காத தொழிலாளி, இப்படி ஒரு பெரிய கதை இருக்கு. கொஞ்சம் நீளமான கொசுவத்தி. பொறுமையா வாங்க.

நைனாவின் தலைவலி

நைனா லோடுமேன். ராயபுரம் பக்கத்து கோடவுன்கள், ரயில்வே கூட்ஸ் ஷெட்டு, லாரி நிக்கிற இடம் எல்லாம் அவருக்கு ஆபீஸ். அரிசி, சர்க்கரை, பருப்பு, சிமெண்ட், உரம் என்று எது வந்தாலும் தலை ஒன்றுதான். அந்தக் காலத்து கோணி மூட்டை 100 கிலோ வரைக்கும் இருக்கும். ரெண்டு பேர் தூக்கிவிட, ஒரு ஆள் தலையிலும் பிடரியிலும் வாங்கிக்கிட்டு, லாரிக்கும் தரைக்கும் போட்ட பலகை மேல ஓட்டமும் நடையுமா போகணும். நின்னா விழுந்துருவான்.

தலைக்கும் மூட்டைக்கும் நடுவுல இருக்குறது ஒரு துண்டு. சுருட்டி வளையமாக்கி வெச்சா அதுதான் சும்மாடு. எங்க வீட்டுல துண்டுக்கு ரெண்டு வேலை. பகல்ல சும்மாடு. ராத்திரி அதையே நெத்தியில இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுப்பார் நைனா. தலைவலி.

பிடரியில ஆரம்பிச்சு, ஒரு பக்கமா ஏறி, கண்ணுக்குப் பின்னாடி வந்து நிக்கும்னு சொல்வார். அம்மா சுக்கை இழைச்சுப் பத்து போடும். அப்புறம் அமிர்தாஞ்சன். 1893ல காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில ஆரம்பிச்சு, 1936ல மெட்ராஸுக்கு வந்த மஞ்சத் தைலம். அந்த வாசனைதான் எனக்கு நைனா வாசனை.

கண்ணு டெஸ்ட் பண்ணாங்க. சைனஸுன்னாங்க. பித்தம்னாங்க. திருஷ்டின்னு மொளகா சுத்திப் போட்டாங்க. தலைவலின்னு சொன்னதால எல்லாரும் தலையையே பாத்தாங்க. ஒருத்தர்கூட கழுத்தைப் பாக்கல.

துறைமுகமே இல்லாத துறைமுகம்

இங்கதான் சரித்திரம் வருது. 1639ல ஆங்கிலேயர்கள் இந்தக் கடற்கரையில இடம் வாங்கினப்போ இங்க துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆணி அடிக்காம, கயித்தால தைச்ச மசூலா படகுல சரக்கை இறக்கி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வருவாங்க. படகு மணல்ல தட்டினதும் மீதி தூரம் மனுஷன் தலையிலும் தோளிலும்தான். சரக்கு மட்டும் இல்லை, துரைமாரையும் துரைசாணிகளையும்கூட அப்படித்தான் தூக்கிக்கிட்டு வந்து இறக்கினாங்க.

1856ல ராயபுரம் ஸ்டேஷன் வந்தது. தென்னிந்தியாவோட முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1861ல கடலுக்குள்ள நீட்டி ஒரு இரும்புப் பாலம் போட்டாங்க. 1870களின் நடுவுல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. 1881ல ஒரு புயல் அடிச்சு, கட்டினதை நாசம் பண்ணிருச்சு. மறுபடி கட்டினாங்க. 1904ல வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற இன்ஜினியர்தான் துறைமுக வாயையே வடகிழக்குப் பக்கமா மாத்தி, இப்ப நாம பாக்குற வடிவத்துக்குக் கொண்டு வந்தார்.

புத்தகங்கள்ல இதெல்லாம் இருக்கு. அலைதடுப்புச் சுவர் எத்தனை அடி, கிரேன் எத்தனை டன் எல்லாமே இருக்கு. கிரேன் சரக்கைக் கப்பல்லேர்ந்து தூக்கி துறையில வைக்கும், சரி. துறையிலேர்ந்து ஷெட்டு, ஷெட்டுலேர்ந்து வேகன், வேகன்லேர்ந்து கோடவுன், கோடவுன்லேர்ந்து கடை? அந்த ஒவ்வொரு இடைவெளியையும் நிரப்பினது ஒரு கழுத்து. ஒரு அரிசி மூட்டை நம்ம வீட்டு அடுப்புக்கு வர்றதுக்குள்ள எத்தனை கழுத்து மாறியிருக்கும்னு யாரும் கணக்கு வைக்கல.

தினக்கூலிக்கு நின்ன துறைமுகத் தொழிலாளிக்கு ஒரு ஒழுங்கு வந்தது 1948ஆம் வருஷச் சட்டத்துக்கு அப்புறம்தான். பெயர் பதிவு, முறை வைத்து வேலை, வேலை இல்லாத நாளுக்கும் கொஞ்சம் காசு. அதுக்குப் பின்னாடி பெரிய பெரிய போராட்டங்கள் இருக்கு. இலங்கையிலிருந்து வந்து இந்தத் தொழிலாளிகளோடவே வாழ்ந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையை 1957ல வடசென்னை ஜனங்க பார்லிமெண்டுக்கே அனுப்பினாங்க.

ஆனா இதெல்லாம் துறைமுக மதிலுக்கு உள்ள. எங்க நைனா மதிலுக்கு வெளிய. மேஸ்திரி கூப்பிட்டா வேலை. வெளிய இருக்குற சுமைதூக்குறவங்களுக்குன்னு தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தது 1982ல.

எடையைப் பத்தி உலகம் யோசிச்சது 1967ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு ஒப்பந்தமும் அதோட ஒரு பரிந்துரையும் கொண்டு வந்தது. வளர்ந்த ஆண் ஒருத்தர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை 55 கிலோ. அந்த வருஷம் நைனாவுக்கு வயசு இருவத்திரெண்டு. தலையில 100.

கழுத்துக்குள்ள என்ன நடக்குது?

கழுத்துல 7 எலும்பு. தலையோட எடை கிட்டத்தட்ட 5 கிலோ. இந்த அஞ்சு கிலோவைத் தாங்கி, நாலாபக்கமும் திருப்புறதுக்குத்தான் அந்த ஏழு எலும்பும், நடுவுல இருக்குற மெத்தை மாதிரி வட்டுகளும். அதுக்கு மேல 100 கிலோவை வெச்சு ஓடச் சொன்னா?

1968ல லெவி என்ற மருத்துவர் அன்றைய ரொடீஷியாவுல (இன்றைய ஜிம்பாப்வே) மூட்டை தூக்குறவங்களோட கழுத்துக் காயங்களைப் பத்தி பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல எழுதினார். அதுக்கு அவர் வெச்ச பேரே 'சுமைகூலியின் கழுத்து'. கானா நாட்டுலயும் 1994ல, தலைச்சுமை தூக்குறவங்களையும் தூக்காதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. சுமந்தவங்களுக்குத்தான் கழுத்தெலும்புத் தேய்மானம் அதிகம். கவனிங்க, இதெல்லாம் ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கும் சந்தைகளுக்கும் மட்டும் நடக்குற விஷயமா என்ன? நம்ம காசிமேடும் கொத்தவால்சாவடியும் எந்த லோகத்துல இருந்துச்சு?

சரி, கழுத்து தேஞ்சா கழுத்துதானே வலிக்கணும்? தலை ஏன் வலிக்குது?

பழைய லேண்ட்லைன் போன்ல க்ராஸ் டாக் வரும், ஞாபகம் இருக்கா? நாம சித்தப்பாகிட்ட பேசிட்டு இருப்போம், நடுவுல யாரோ ஒரு அம்மா சாம்பார் பொடிக்கு அளவு சொல்லிட்டு இருப்பாங்க. அதே கதைதான். கழுத்தோட மேல் மூணு நரம்புகளும், முகத்துக்கும் நெத்திக்கும் உணர்வு கொண்டுபோற நரம்பும், மூளைத்தண்டுக்குக் கீழ ஒரே எக்ஸ்சேஞ்சுல போய்ச் சேருது. மேல்கழுத்துல ஒரு மூட்டு கத்தினா, மூளைக்கு அது நெத்தியிலிருந்து வர்ற மாதிரி கேக்குது. ராங் நம்பர். கண்ணுக்குப் பின்னாடி வலின்னு நைனா சொன்னது பொய்யும் இல்லை, பித்தமும் இல்லை.

இந்த வகைத் தலைவலிக்கு 1983ல நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஷோஸ்டா முறையா ஒரு பேர் வெச்சார். நம்ம பாஷையில 'கழுத்துவழித் தலைவலி'ன்னு சொல்லலாம். பெரும்பாலும் ஒரே பக்கம் வரும். பிடரியில ஆரம்பிச்சு முன்னாடி வரும். கழுத்தைத் திருப்பினா, ஒரே நிலையில வெச்சிருந்தா கூடும். கழுத்து முழுசாத் திரும்பாது. அதுக்காகத் தலைவலி எல்லாமே கழுத்துலேர்ந்து வர்றதுன்னு முடிவு பண்ணிராதீங்க. மைக்ரேன்காரங்களுக்கும் கழுத்து வலிக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்குறது டாக்டர் வேலை.

அதே 1983. மெட்ராஸ் துறைமுகத்துல கண்டெய்னர் முனையம் திறந்தாங்க. ஒரு கண்டெய்னர்ல 20 டன் போட்டா, 50 கிலோ மூட்டை நானூறு. நானூறு தடவை கழுத்துல ஏற வேண்டியதை ஒரு கிரேன் ஒரே தூக்கில தூக்கிருச்சு. தலைவலிக்குப் பேர் கிடைச்ச வருஷமும், தலைவலிக்காரனோட வேலை போக ஆரம்பிச்ச வருஷமும் ஒண்ணு. இதுல சந்தோஷப்படறதா, வருத்தப்படறதான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல. நைனாவுக்கும் தெரியல.

சுளுக்கு எடுக்குறவங்க

கழுத்துப் பிடிச்சுக்கிட்டா நம்ம ஊர்ல என்னென்ன செய்வோம்? தலையணையை வெயில்ல காயப் போடுவோம் (கழுத்துக்கு வலிச்சா தலையணைக்கு ட்ரீட்மெண்டு! :-) ). உலக்கையை வெச்சு உருட்டுவோம். கால் முன்னாடி வந்து பொறந்தவங்களைத் தேடிப்பிடிச்சு லேசா மிதிக்கச் சொல்லுவோம். எங்க தெருவுல அப்படி ஒரு ஆயா இருந்துச்சு. காலைலயே ரெண்டு பேர் வாசல்ல கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிப்பாங்க.

கொஞ்சம் பெரிய அடின்னா புத்தூர் கட்டு. திருத்தணி தாண்டி ரேணிகுண்டா போற வழியில இருக்குற புத்தூர்லேர்ந்து வந்த பேர், இன்னைக்கு சென்னையில தெருவுக்குத் தெரு போர்டுல இருக்கு. சித்த மருத்துவத்துல தொக்கணம் என்ற தடவுமுறை இருக்கு. தெக்க போனா வர்ம ஆசான்கள்.

அப்புறம் நாவிதர்கள். சலூன்ல கழுத்தைச் சொடுக்குறது ஏதோ இலவச இணைப்புன்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. அந்தச் சமூகத்துக்கே 'மருத்துவர்'னு ஒரு பேர் உண்டு. கட்டியைக் கீறி, புண்ணுக்கு மருந்து போட்டவங்க அவங்கதான். பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளும் அந்த வீட்டுப் பெண்கள்தான். காலேஜும் பட்டமும் வந்து வைத்தியத்தை அவங்க கையிலேர்ந்து எடுத்துக்கிச்சு. கத்திரியும் சீப்பும் மிச்சம். அந்தச் சொடுக்கு, போன வைத்தியத்தோட கடைசித் துணுக்குன்னு எனக்குத் தோணும்.

இந்தக் கதை நம்ம ஊர்ல மட்டும் இல்லை. இங்கிலாந்துலயும் எலும்பு சரிபண்ணுற நாட்டு வைத்தியர்கள் இருந்தாங்க. டாக்டர்கள் அவங்களைக் கிண்டல் பண்ணிட்டு இருந்தப்போ, 1867ல ஜேம்ஸ் பேஜெட் என்ற பெரிய அறுவை மருத்துவர் எழுந்து, அவங்க குணப்படுத்துற கேஸ்களும் இருக்கு, அதைக் கத்துக்கணும், அவங்க செய்யற கெடுதலை விட்டுறணும்ங்கற அர்த்தத்துல பேசினார். நூத்தம்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கும் இதைவிடச் சரியா யாரும் சொன்ன மாதிரி தெரியல.

டேவன்போர்ட்ல ஒரு சொடுக்கு

1895. அமெரிக்காவுல ஐயோவா மாநிலம், டேவன்போர்ட் என்ற ஊர். டி.டி. பால்மர் என்பவர் காந்த சிகிச்சைன்னு சொல்லித் தொழில் பண்ணிட்டு இருந்தார். அவர் இருந்த கட்டடத்தைச் சுத்தம் பண்ணுற தொழிலாளி ஹார்வி லில்லர்ட். கறுப்பினத்தவர். பல வருஷமா காது சரியாக் கேக்காது. குனிஞ்சு வேலை செஞ்சப்போ முதுகுல ஏதோ 'படக்'குன்னுச்சு, அதுலேர்ந்துதான் காது போச்சுன்னு அவர் சொன்னதாக் கதை. பால்மர் முதுகெலும்பைத் தடவிப் பார்த்து ஒரு தள்ளு தள்ளினார். காது கேட்டுருச்சாம். இப்படிப் பொறந்ததுதான் கைரோப்ராக்டிக். கிரேக்கத்துல 'கையால் செய்வது'ன்னு அர்த்தம்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், இந்தச் சரித்திரமும் குனிஞ்சு வேலை செஞ்ச ஒரு தொழிலாளியோட முதுகுலேர்ந்துதான் தொடங்குது. பிடிக்காத விஷயம், அதுக்கப்புறம் பால்மர் சொன்னது. எலும்பு இடம் நகர்றதாலதான் மனுஷனுக்கு வர்ற கிட்டத்தட்ட எல்லா வியாதியும் வருதுன்னு ஒரே போடா போட்டார். லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பண்ணார்னு 1906ல ஜெயிலுக்கும் போனார். அமெரிக்க மருத்துவச் சங்கம் பல வருஷம் இவங்களை ஒதுக்கி வெச்சது. அதை எதிர்த்து நாலஞ்சு கைரோப்ராக்டர்கள் 1976ல கேஸ் போட்டு, 1987ல ஜெயிச்சாங்க. கோர்ட்டு சொன்னது ஒதுக்கினது தப்புன்னுதான். எல்லா வியாதியும் சொடுக்கினா போயிரும்னு சொல்லல.

நம்ம கேள்விக்கு வருவோம். கழுத்துவழித் தலைவலிக்குக் கை வைத்தியம் உதவுமா? உதவும். 2002ல ஆஸ்திரேலியாவுல 200 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குக் கையால கழுத்து மூட்டுகளைச் சரிபண்ணுற சிகிச்சை. இன்னொண்ணுக்குக் கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் பயிற்சி. மூணாவதுக்கு ரெண்டும். நாலாவதுக்கு எதுவும் இல்லை. முதல் மூணு குழுவுக்கும் தலைவலி குறைஞ்சது, ஒரு வருஷம் கழிச்சும் அந்தப் பலன் நின்னுச்சு. இதுல செஞ்சது பிசியோதெரபிஸ்டுகள். கூடவே கவனிக்க வேண்டியது, வெறும் பயிற்சியே கிட்டத்தட்ட அதே அளவு பலன் கொடுத்திருக்கு. 'மடக்' சத்தம் இல்லாமலே.

இந்தியாவுல கைரோப்ராக்டிக் ஆயுஷ் முறைகள்ல ஒண்ணு கிடையாது. வெளிநாட்டுல முறையாப் படிச்சுட்டு வந்து நடத்துறவங்களும் இருக்காங்க, வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவங்களும் இருக்காங்க. போர்டு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் ஏன் 'வேணாண்ணே' சொன்னேன்

கழுத்தெலும்புகளோட பக்கவாட்டுல சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கு. அதுக்குள்ள புகுந்துதான் மூளையோட பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோற ரெண்டு குழாய் போகுது. கழுத்தை வேகமாத் திருகினா, எப்பவாவது அந்தக் குழாயோட உள்சுவர் கிழியலாம். ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். 1993ல அமெரிக்காவுல ஒரு டாக்டர், சலூன்ல தலைகழுவக் கழுத்தைப் பின்னாடி சாய்ச்சதால பக்கவாதம் வந்த அஞ்சு பேரைப் பத்தி எழுதியிருக்கார். 2017ல டில்லிப் பக்கம் ஒருத்தருக்கு சலூன்ல கழுத்தைச் சொடுக்கினதுக்கு அப்புறம் உதரவிதானத்துக்குப் போற நரம்பு பழுதாகி மூச்சு விட முடியாமப் போச்சுன்னு செய்தி வந்தது.

இது ரொம்ப அபூர்வம். நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் குழாய் ஏற்கனவே கிழிய ஆரம்பிச்சிருந்தாலே கழுத்தும் தலையும் வலிக்கும், அந்த வலிக்காகத்தான் சிலர் சொடுக்கவே போறாங்க. அதனால எது முதல்ல, எது அப்புறம்னு டாக்டர்களுக்குள்ளயே வாதம் இருக்கு. அப்படின்னா ஒண்ணு இன்னும் தெளிவாகுது. புதுசா, திடீர்னு, இதுவரை இல்லாத மாதிரி கழுத்தும் தலையும் வலிச்சா, கூடவே தலைசுத்தல், பேச்சுக் குழறல், ரெட்டையாத் தெரியறதுன்னு இருந்தா, சலூனுக்கும் போகக் கூடாது, மிதிக்கிற ஆயாகிட்டயும் போகக் கூடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரி.

பெரிய ஆஸ்பத்திரின்னா எங்க ஏரியாவுக்கு ஸ்டான்லிதான். 1782 பஞ்சத்துல கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச மணியக்காரர் சத்திரத்துலேர்ந்து வளர்ந்தது. அதனாலதான் பழைய ஆளுங்க அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'ன்னு சொல்லுவாங்க. இந்தப் பகுதியில மெஷின்ல மாட்டுன கைகள் எத்தனை எத்தனை. அங்கேயே 1970கள்ல டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்குன்னே ஒரு பெரிய பிரிவை வளர்த்தெடுத்தார். கைக்கு அது கிடைச்சது.

கழுத்துக்கு? 1923ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துல ஒரு பட்டியல் இருந்தது. கட்டைவிரல் போனா 30 சதவீதம்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு. ஏன்னா போன விரல் கண்ணுக்குத் தெரியும். இருவது வருஷமா கொஞ்சங் கொஞ்சமாத் தேஞ்ச கழுத்தை யார்கிட்ட காட்டுறது? "தலைவலின்னு சொன்னா மேஸ்திரி சிரிப்பான்டா"ன்னு நைனா சொல்வார்.

கடைசியில 1990கள் முடியப்போற சமயம், கை மரத்துப்போக ஆரம்பிச்ச பிறகுதான் ஒரு டாக்டர் கழுத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்துல பிடிச்சுட்டு, "என்ன வேலைங்க பாத்தீங்க?"ன்னு கேட்டார். அதுவரைக்கும் எந்த வைத்தியரும் கேக்காத கேள்வி. நைனா பதில் சொல்லல. தோள்ல கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி, வளையமாக்கி, டேபிள் மேல வெச்சார். டாக்டருக்குப் புரிஞ்சுது. பட்டையும் பயிற்சியும் கொடுத்தார். வலி முழுசாப் போகல, ஆனா துண்டை நெத்தியில கட்டுறது நின்னுச்சு. மீதி இருந்த பத்து வருஷத்துல ராத்திரி தூங்கினார்.

இப்ப எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போங்க. தலைச்சுமை இல்லை. துறைமுகம் போற கண்டெய்னர் லாரிங்கதான் வரிசை கட்டி நிக்குது. ஸ்டியரிங் மேல கழுத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு டிரைவர், கையில போன். தலையை 60 டிகிரி குனிஞ்சா கழுத்துக்கு 27 கிலோ பாரம்னு 2014ல ஒரு அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டார். மூட்டை போச்சு, பாரம் போகல.

அந்தக் காலத்துல பாதையோரம் சுமைதாங்கிக் கல்லு நட்டு வெச்சாங்க. பிள்ளைத்தாச்சியா இறந்துபோன பொண்ணு நினைவா, வழியில போறவன் ரெண்டு நிமிஷம் சுமையை இறக்கி வெக்கட்டும்னு. தலைச்சுமைக்காரனோட கழுத்தை நினைச்சுப் பாத்தவங்க கட்டுனது. நாம துறைமுகம் கட்டினோம், ரோடு போட்டோம், அந்தக் கல்லை மட்டும் மறந்துட்டோம்.

சலூன் அண்ணன்கிட்ட இதுல பாதியைச் சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப சொடுக்க வேணாம், சும்மா பிடிச்சு விடட்டுமா?"ன்னார். பத்து நிமிஷம் தோளையும் பிடரியையும் பதமாப் பிடிச்சு விட்டார். சத்தமே இல்லை. சொகமா இருந்துச்சு.

உங்க வீட்டுலயும் துண்டை நெத்தியில கட்டிக்கிட்டுப் படுத்த யாராவது இருந்திருப்பாங்க. அவங்க என்ன வேலை பாத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. தோணினதைப் பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. லோடுமேன் பையன். இதைப் படிச்சுட்டு உங்க கழுத்தை நீங்களே சொடுக்கிப் பாக்காதீங்க.